முதல் நூறு அடி

நிலத்தில் நேர்க்கோடு போடுவதுதான் என் வேலை. பழைய கடல்களும் ஆறுகளும் கோடிக்கணக்கான வருடங்களாக மண்ணைக் கொண்டுவந்து அடுக்கிய பள்ளங்களைப் படிவுப் படுகைகள் என்போம். நாடு முழுக்க அந்தப் படுகைகளில் எங்கெங்கே எண்ணெயும் எரிவாயுவும் இருக்கக்கூடும் என்று வரைபடம் தயாரிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. தூரத்து அலுவலகத்தில் யாரோ கணினித் திரையில் கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டை வயலிலும் வாய்க்காலிலும் கொல்லையிலும் இறக்க வேண்டியவர்கள் நாங்கள்.

நான் சர்வே பிரிவுக்குப் பொறுப்பு. ஜிபிஎஸ் கருவியோடு முன்னால் போய், குறித்த தூரத்துக்கு ஒரு குச்சி நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டுவோம். பின்னால் துளை போடுகிறவர்கள் வந்து குச்சி இருந்த இடத்தில் நூறடி ஆழம் இறக்கி, அடியில் வெடிமருந்து வைத்து மூடுவார்கள். அப்புறம் கேபிள்காரர்கள் வந்து ஜியோபோன் என்னும் சின்னக் கருவிகளைக் கோடு நெடுக மண்ணில் குத்தி வைப்பார்கள். வெடித்ததும் அதிர்வு கீழே போய்ப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். திரும்பி வருவதை ஜியோபோன் பிடித்துக்கொள்ளும். மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அதை வைத்துப் படம் போடுவார்கள்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த கோடுகளில் ஒன்று, அண்ணாகிராமம் பக்கத்து முந்திரிக் காட்டில் தொடங்கித் தென்கிழக்கே இறங்கி, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு மீனவர் குப்பத்தின் ஓரமாகக் கடலைத் தொட்டது. எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம். கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வரலாம் என்று என் மனைவிக்குச் சந்தோஷம். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், கோட்டின் கடைசி நான்கு குச்சிகள் எங்கே விழுகின்றன என்று பார்க்கும் வரை.

செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் பச்சையாகத் தெரிந்தது. பக்கத்தில் 'சவுக்குத் தோப்பு, புறம்போக்கு' என்று குறிப்பு. எனக்கு அந்த இடம் தெரியும். பல வருடங்களுக்கு முன்னால் நான் போனபோது அங்கே தோப்பு இல்லை. வெறும் மணல்மேடும் மூன்று பனைமரங்களும்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, என் கீழே வேலை பார்த்த இரண்டு பேரை அனுப்பிக் குச்சி நடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் துளை போடும் பிரிவின் மேஸ்திரி போன் செய்தான். பண்ருட்டிக்காரன். பத்து வருடப் பழக்கம்.

"மச்சான், ஒரு பொம்பள குச்சிய புடுங்கிப் போட்டுடுறா. மூணு வாட்டி நட்டாச்சு. மூணு வாட்டியும் புடுங்கிட்டா. பேசவும் மாட்றா, திட்டவும் மாட்றா. நீ உள்ளூர்க்காரன், நீயே வந்து பாரு."

வேறு வழியில்லாமல் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். தோப்பு விளிம்பில் சவுக்குச் சருகைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களில் கருவாடு விற்பவர் என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். ஒரு கால் லேசாக இழுத்தது. எங்கள் நான்கு குச்சிகளும், துணி அவிழாமல், ஒரு மரத்தில் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

"நீதான் பெரிய ஆளா?" என்று கேட்டார்.

"சர்வே வேலை நான்தான் பாக்குறேன்க்கா."

"இங்க வோணாம் சார். வேற எங்கனா போட்டுக்கோங்க. இது பொணம் பொதச்ச எடம். சுனாமில செத்ததுங்கள இங்கதான் பொதச்சாங்க. எம்பொண்ணும் இங்கதான் எங்கியோ கெடக்குது."

நான் தலையாட்டினேன். ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை முதல்முறையாகக் கேட்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அன்று நான் செய்ததில் கேவலமானது அதுதான்.

"இன்னாத்துக்கு இந்தக் குச்சி?" என்றார்.

"பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்குறோம்க்கா. எண்ணெய், கேஸ், அந்த மாதிரி."

"எம்மாம் ஆழம் தெரியும்?"

"மூணு, நாலு கிலோமீட்டர் வரைக்கும்."

அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். குரல் மாறிவிட்டது.

"அப்ப ஆறடில இருக்குறது தெரியும்ல? எம்பொண்ணு எந்தப் பக்கம் கெடக்குறான்னு அதுல பாத்துச் சொல்ல முடியுமா? அதுக்குன்னா நானே குழி வெட்டித் தரேன்."

இந்த வேலையில் நிறையக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். கிணறு வற்றுமா, சுவர் விரிசல் விடுமா, நிலத்தைப் பிடுங்கிக்கொள்வீர்களா. இப்படி ஒருவர் கேட்டதில்லை. முடியாது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பயத்தில் நான் விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

"தெரியாதுக்கா. மண்ணுல மேல இருக்குற நூறடி எங்க கருவிக்குக் கணக்கிலயே இல்ல. மேலாக்க வர்ற சத்தமெல்லாம் ஒரே கலங்கலா இருக்கும். அதக் கம்ப்யூட்டர்ல வெட்டி எடுத்துட்டுத்தான் படம் போடுவாங்க."

"வெட்டிப் போட்டுருவீங்களா?"

"ஆமாக்கா."

"நாலு கிலோமீட்டர் தெரியுதாம். ஆறடி தெரியலியாம்." அவர் சிரித்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

எங்கள் குழுத் தலைவர் வெளிமாநிலத்துக்காரர். கெட்டவர் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும், "வரைபடத்தில் மயானம் என்று எதுவும் இல்லையே?" என்றார். "சரி, இருக்கட்டும். எந்த இடம், எவ்வளவு அகலம் என்று அளந்து ஒரு படம் போட்டுக் கொடு. வெடிப்புள்ளிகளைத் தள்ளி வைக்க நான் அனுமதி வாங்குகிறேன். படம் இல்லாமல் மேலே எழுத முடியாது."

ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய்க் கேட்டேன். அவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. தோப்புக்குள் எங்கேயோ என்றார்கள். அலை வந்த மறுநாள் ஊரில் நடமாடக்கூடியவர்கள் யாருமே இல்லை. பிழைத்தவர்கள் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் ஆஸ்பத்திரியிலும் கிடந்தார்கள். புதைத்ததெல்லாம் வெளியூர்க்காரர்கள். அடுத்தடுத்த வருடங்களில் அலைத் தடுப்புக்கென்று சவுக்கு நட்டார்கள். மேடு பள்ளமெல்லாம் மறைந்துபோய்விட்டது.

ஆக, அந்தப் படத்தை நான்தான் போட வேண்டும். அங்கே இருப்பவர்களில் எல்லை தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அலை வந்தபோது நான் சிதம்பரத்தில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு லாரியில் ஏறினோம். வண்டியில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் வேட்டித் துணியும் இருந்தன. அரிசி மூட்டை இறக்கும் வேலை என்று நினைத்துப் போனேன். அங்கே ஓர் அதிகாரி எங்களை வரிசையாக நிறுத்தி, ஒரு தாளில் ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னார். என் வரியைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லாருக்கு. நீ எழுது" என்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார்.

ஒவ்வொரு உடலாகக் கொண்டுவந்து கிடத்துவார்கள். ஒருவர் போட்டோ எடுப்பார். ஆணா பெண்ணா, வயது எவ்வளவு இருக்கும், என்ன உடை, என்ன நகை, மச்சமோ தழும்போ இருக்கிறதா என்று நான் எழுத வேண்டும். பின்னால் சொந்தக்காரர்கள் தேடி வந்தால் அந்த நோட்டு உதவும் என்றார்கள். முதல் குழிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டாவது பெரிய குழி. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நோய் பரவும், சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். பொக்லைன் இயந்திரம் வந்து உடல்களை அள்ளித் தள்ளியது. நான் சுருக்கி எழுதினேன். மூன்றாவது குழி மேற்கு ஓரத்தில், பனைமரங்களுக்கும் உப்பாற்றுக்குப் போகும் பாதைக்கும் நடுவில். அது குழந்தைகளுக்கு.

அதில் முதல் சிலருக்கு ஒழுங்காக எழுதினேன். பிறகு 'பெண் குழந்தை', 'ஆண் குழந்தை' என்று மட்டும். அப்புறம் வெறும் கோடு. ஓர் ஆளுக்கு ஒரு கோடு. அதன்பின் நோட்டை லாரியில் வைத்துவிட்டு, கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. நோட்டு யார் கைக்குப் போனது, எங்கே இருக்கிறது, எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை, பிறகு மனைவியிடமும் சொல்லவில்லை. மீன் சாப்பிடுவதை விட்டதற்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பஞ்சாயத்தாரைப் பார்த்த மறுநாள் காலை எட்டு மணிக்குக் கருவியோடு தோப்புக்குப் போனேன். மேஸ்திரி கூட வந்தான். அந்த அக்கா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோப்புக்குள் திசையே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மூன்று பனைகளில் இரண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்த பிறகு நான் யோசிக்கவே இல்லை. கால்கள் தாமாகப் போயின. முதல் குழியின் நான்கு மூலைகள். பெரிய குழி. பிறகு மேற்கே திரும்பி, மூன்றாவது குழி. ஒவ்வொரு மூலையிலும் கருவியை ஊன்றி அளவைப் பதிந்தேன். கடைசி மூலையில் நிமிர்ந்தபோது அவர் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"யாரும் உனக்குக் காட்டலியே. உனக்கு எப்டி தெரியும்?"

மேஸ்திரி என்னைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"நான் இருந்தேன்க்கா. அன்னிக்கி இங்கதான் இருந்தேன்."

அவர் என்னை அடித்திருந்தால் பரவாயில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பிடியில் பலமே இல்லை.

"இத்தினி வருசமா எங்கய்யா போயிருந்த?"

சிதம்பரத்தில், என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். அவர் கருவாட்டுக் கூடையோடு எங்கள் தெரு வழியாகவே எத்தனை முறை போனாரோ.

மணலில் உட்கார்ந்தோம். அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. மகளுக்கு ஏழு வயது. தலைக்கு எண்ணெய் தேய்த்து உட்கார வைத்திருந்தார். மஞ்சள் பாவாடை. இடது குதிகாலில் கிளிஞ்சல் கிழித்த புண், அதில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அலை வந்தபோது கையைப் பிடித்திருந்தார். எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது. அவர் கண் விழித்தது கடலூர் ஆஸ்பத்திரியில், கால் எலும்பு முறிந்து. ஊருக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆயிற்று. புருஷன் அன்று கடலுக்குள் இருந்ததால் தப்பித்தவர். இப்போது கேரளாவில் படகு வேலை.

"மஞ்சப் பாவாட. கால்ல துணி. ஞாபகம் இருக்குதா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்றால் முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் குழியில் நான் கோடுதான் போட்டிருந்தேன்.

"ஞாபகம் இல்லக்கா. நான் பாக்கல. எழுதறத நிறுத்திட்டேன்."

"ஆமான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"தெரியும்க்கா."

மேஸ்திரி எழுந்து தூரமாகப் போய் நின்றுகொண்டான். பிறகு அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தூக்கிப் போட்டாங்களா? எறக்கி வெச்சாங்களா?"

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் இருக்கிறது என்பதே கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"எறக்கிதான் வெச்சாங்கக்கா. புள்ளைங்க குழிக்கு மிசின விடல. பரங்கிப்பேட்டையிலேர்ந்து ஒரு பாய் வந்திருந்தாரு. வயசானவரு. அவரு குழிக்குள்ள எறங்கி நின்னுக்கிட்டாரு. மேலேர்ந்து ஒவ்வொண்ணா குடுக்கக் குடுக்க, ரெண்டு கையாலயும் வாங்கி, தலையப் புடிச்சிதான் படுக்க வெச்சாரு. என்னமோ ஓதிக்கிட்டே இருந்தாரு. கடைசி வரைக்கும் மேல ஏறவே இல்ல. தண்ணி குடுத்தோம், வோணாம்னுட்டாரு."

"எல்லாப் புள்ளைங்களையுமா?"

"எல்லாத்தையும். அத நான் பாத்தேன்."

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிற சத்தம் கேட்கவில்லை. எழுந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார், அந்தக் காலால் தனியாக எழ முடியவில்லை.

நான் போட்ட படத்தை வைத்துத் தலைவர் அனுமதி வாங்கிவிட்டார். நான்கு வெடிப்புள்ளிகளையும் தெற்கே, ஊரையும் தோப்பையும் விட்டு விலக்கித் தள்ளினோம். ஜியோபோன்களை மட்டும் கோடு விடாமல் குத்தியாக வேண்டும். அவரிடம் கேட்டேன். ஒன்றைக் கையில் வாங்கி அதன் முனையைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு வெரல் நீளந்தானே. குத்திக்க. வெடிக்கறப்ப நான் இங்க இருப்பேன்."

வெடிப்பு நாள் காலை பத்து மணி இருக்கும். ஊராரை அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். நானும் அக்காவும் தோப்புக்கு வெளியே மணலில் உட்கார்ந்திருந்தோம். காற்று அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. தூரத்தில் நின்ற பதிவு வண்டியிலிருந்து வாக்கி டாக்கியில் குரல் வந்தது. திரையில் ஜியோபோன்களைக் கவனிப்பவர்.

"தோப்பில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. வெளியே போகச் சொல்."

எழுந்து பார்த்தேன். யாரும் இல்லை என்றேன்.

"இருக்கிறார்கள். மேற்கு ஓரம். லேசான காலடி. ஆடுகளா பார்."

உள்ளே போனேன். ஆடு இல்லை, நாய் இல்லை. சருகுமேல் என் செருப்புச் சத்தம் மட்டும்தான். மூன்றாவது குழியின் ஓரத்தில் நின்றேன்.

"உன் காலடி தெரிகிறது," என்றது வாக்கி டாக்கி. "அது கனமாக இருக்கிறது. நான் சொல்வது வேறு."

"நான் மட்டும்தான் இருக்கேன்."

நான் நின்ற இடத்தில் அசையாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, "சரி, அடங்கிவிட்டது. வெளியே வா" என்றார்.

மர வேர்கள் மேலே இருக்கும் சின்ன அசைவைக்கூட மண்ணுக்குள் கடத்தும். சவுக்கு அதில் ரொம்ப மோசம். உச்சியில் நாம் உணராத காற்று இருந்திருக்கலாம். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைய பதிவைக் கேட்டு வாங்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த அக்காவிடமும் சொல்லவில்லை.

நான் வந்து உட்கார்ந்ததும் வெடித்தார்கள். பெரிய சத்தமெல்லாம் கிடையாது. கதவை யாரோ தூரத்தில் சாத்திய மாதிரி ஒரு மொத்தல், அப்புறம் உள்ளங்காலில் ஒரு நடுக்கம். அக்கா சட்டென்று குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் மணலில் பதித்தார்.

"ஒண்ணுல்ல கண்ணு. ஒண்ணுல்ல, ஒண்ணுல்ல."

நான்கு வெடிக்கும் நான்கு முறை சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கோட்டின் படத்தை அலுவலகத்தில் பார்த்தேன். அடுக்கடுக்காகப் பாறைகள், ஒரு பெரிய முறிவு, கடலுக்குள் சரியும் படிவுகள். மேல் பகுதி, வழக்கம்போல வெட்டி எடுக்கப்பட்டு வெள்ளையாக இருந்தது. அங்கே எண்ணெய் உண்டா என்று எனக்குத் தெரியாது. படத்தைப் படிப்பவர்கள் வேறு ஆட்கள்.

என் மனைவியிடம், படத்தைப் பார்த்த அந்த வாரமே எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அந்த அக்காவ ஒரு நாள் வீட்டுக்குக் கூப்புடுங்க" என்றாள். அவர் வந்தார். சாப்பிட்டார். அதிகம் பேசவில்லை. ஆனால் ஊரில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எனக்குப் போன் வர ஆரம்பித்தது. "அன்னிக்கி அங்க இருந்தீங்களாமே" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். என்ன தெரியுமோ அதைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். பெரிய குழியைப் பற்றி ஒருவர் கேட்டபோது மட்டும் என்னால் முடியவில்லை. அவர் மனைவியும் அம்மாவும் அதில் இருக்கிறார்கள். பொக்லைன் என்ற சொல் நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டு வேறு ஏதோ சொன்னேன். அவர் அழுதுகொண்டே நன்றி சொன்னார். அந்த நன்றி இன்னும் என்னிடம் கிடக்கிறது, திருப்பிக் கொடுக்க வழியில்லாமல்.

வேலையை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஓர் ஊரில் முதல் குச்சியை நடுவதற்கு முன்னால் நானே போய் நாலு பேரிடம் கேட்கிறேன். "படத்துல இல்லாத எடம் ஏதாச்சும் இங்க இருக்குதா?" முதலில் முழிப்பார்கள். அப்புறம் காட்டுவார்கள். பிறந்த அன்றே போன குழந்தையைப் புதைத்த வேலியோரம். மகள் விழுந்ததால் தூர்த்துவிட்ட கிணறு. எங்கள் படிவத்தில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. 'மண் சரியில்லை' என்று எழுதிக் குச்சியைத் தள்ளி நட்டுவிடுவேன்.

சென்ற வருடம் கம்மாபுரம் பக்கம் வேலை. நிலக்கரிச் சுரங்கத்துக்காகத் தோண்டி எடுக்கப்பட்ட ஓர் ஊரிலிருந்து இடம் மாறி வந்தவர் ஒருவர் இருந்தார். அவரிடமும் கேட்டேன். என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு சுரங்க விளிம்புக்கு அழைத்துப்போனார். கீழே அதலபாதாளம். அடியில் இயந்திரங்கள் பூச்சி மாதிரி ஊர்ந்தன. அவர் கீழே பார்க்கவில்லை. எங்களுக்கு எதிரே, வெறும் காற்றில், எங்கள் கண் மட்டத்துக்கு நேராக விரலை நீட்டினார்.

"அதோ, அங்கதான் சார் எங்கூட்டு வாசப்படி. அந்தாண்ட எங்கப்பாவ எரிச்ச எடம்."

அவர் காட்டிய பக்கம் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கையைக் கீழே இறக்கும் வரை நானும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.